இருபது வருஷம் முடிந்தது: விருப்ப ஓய்வு பற்றி ஒரு பழைய கணக்கு

எழுதி ரொம்ப நாளாயிற்று. மார்ச் முடிவு, அதன் பின் ஆடிட், ஆடிட்டுக்குப் பதில், அந்தப் பதிலுக்கு ஒரு கேள்வி என்று வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் "பேங்க்காரனுக்கு நாலு மணிக்கு மேல என்ன வேலை" என்று இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தத் தடவை என் சொந்தக் கதையும் கொஞ்சம் சரித்திரமும் கலந்து வரும். நாற்பதைத் தாண்டி வெளியூரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் ராத்திரி பதினோரு மணிக்கு வரும் அந்த யோசனைதான் விஷயம். "போதும், விட்டுட்டு ஊருக்குப் போயிடலாமா?"

முதலில் கொசுவர்த்தியைக் கொஞ்சம் சுற்றிவிடுகிறேன்.

நான் இருப்பது குண்டலுபேட்டையில். மைசூரிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். ஊட்டி போகிறவர்கள் காபி குடிக்க நிறுத்தும் ஊர் என்றால் சட்டென்று புரியும். ஒரு சாலை பந்திப்பூர் வழியாக கூடலூருக்கும் இன்னொன்று வயநாட்டுக்கும் போகிறது. முன்பு மைசூர் மாவட்டம், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஆனால் இங்கே யாரைக் கேட்டாலும் "மைசூர் பக்கம்" என்றுதான் சொல்வார்கள். சீசனில் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் ரோட்டோரம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். கேரளாவிலிருந்து கார் கார்களாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். நான் அந்தப் பூவுக்குப் பயிர்க்கடன் கொடுப்பவன். கம்பீரமான உத்தியோகம்!

மனைவியும் மகளும் மைசூரில், ஸ்கூலுக்காக. அம்மா கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்தில் எங்கள் கிராமத்தில், தனியாக. "இங்க வந்துருங்கம்மா" என்றால், "அந்த ஊர்ல யாரு கண்ணு எங்கூட பேசுவாங்க?" என்பார். வாஸ்தவம்தான். அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது, எனக்கு அந்தப் பேச்சை விட்டால் வேறு பேச்சு கிடையாது.

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன். அம்மா வாசல்படியில் வழுக்கி விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு. சித்தப்பா மகன் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருக்கிறான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊருக்கு நேர்வழி சாமராஜநகர், ஆசனூர், திம்பம், பண்ணாரி. திம்பம் மலைப்பாதை 2022 பிப்ரவரியிலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி ராத்திரி 9 மணிக்கு கார்களுக்கு மூடிவிடும், காலை 6 மணிக்குத்தான் திறக்கும். இந்தப் பக்கம் பந்திப்பூர் வழியும் 2009 முதல் அதே 9 முதல் 6 வரை. மிருகங்களுக்காகத்தான் மூடுகிறார்கள், அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் அன்று ராத்திரி யானைக்கும் சிறுத்தைக்கும் இருந்த வழி எனக்கு இல்லை. சுற்றிப் போனால் எப்படியும் விடிந்துவிடும். ஆகவே செக்போஸ்ட் போய் காருக்குள் உட்கார்ந்து ஆறு மணிக்காகக் காத்திருந்தேன். 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கையெழுத்துப் போட்டது சித்தப்பா மகன்.

அம்மா இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். நலம். ஆனால் அந்தக் கையெழுத்து என்னை விடவில்லை.

நான் வேலையில் சேர்ந்தது 2005-ல், 23 வயதில். அதாவது 20 வருஷம் முடிந்துவிட்டது. எங்கள் ஓய்வூதிய விதியில் 20 வருஷம் என்பது சும்மா ஒரு எண் இல்லை. அது ஒரு கதவு. அதை முதலில் சொல்லிவிட்டுச் சரித்திரத்துக்குப் போகிறேன்.

கதவு எண் 29

அரசு வங்கிகளில் பென்ஷன் என்பது ஆரம்பத்திலிருந்து எல்லாருக்கும் இருந்த விஷயம் இல்லை. 1993 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டு, 1995-ல் விதிகள் வந்தன. அதில் 29-வது விதி விருப்ப ஓய்வு. 20 வருஷம் தகுதிச் சேவை முடித்த எவரும் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பென்ஷனுடன் வெளியே போகலாம். 2010 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இந்தப் பழைய பென்ஷன் கிடையாது, அவர்களுக்குப் புதிய பென்ஷன் திட்டம். நான் கடைசிப் பெட்டியில் ஏறியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பி.காம். ஆகவே கணக்குப் போடாமல் தூக்கம் வராது. முழுப் பென்ஷன் என்பது 33 வருஷச் சேவைக்குக் கடைசி பத்து மாத சராசரிச் சம்பளத்தில் பாதி. 33-க்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். விருப்ப ஓய்வில் போகிறவருக்கு அதிகபட்சம் 5 வருஷம் சேர்த்துக்கொள்வார்கள், மொத்தம் 33-ஐத் தாண்டக்கூடாது. அப்படியென்றால் இன்று போனால் எனக்கு 20 கூட்டல் 5, ஆக 25. இருபத்தைந்தை முப்பத்து மூன்றால் வகுத்து அதில் பாதி. சுமார் 38 சதவீதம். மேலே பஞ்சப்படி.

நூறு ரூபாய் வாங்கினவன் முப்பத்தெட்டு ரூபாயில் வாழ வேண்டும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டுக் கடன் இருக்கிறது.

முடியுமா? இந்தக் கேள்வியை எனக்கு முன்னால் ஒரு லட்சம் பேர் கேட்டுக்கொண்டார்கள்.

ஒரு லட்சம் பேர் ஒரே வாசலில்

2000-ம் வருஷம். அரசு வங்கிகளில் அப்போது எட்டு லட்சத்துக்கும் மேல் ஊழியர்கள். கம்ப்யூட்டர் வருகிறது, புதிய தனியார் வங்கிகள் பத்து ஆட்களை வைத்துக்கொண்டு முப்பது ஆள் வேலையைச் செய்கின்றன, ஆட்களைக் குறையுங்கள் என்று மேலிடம் சொல்கிறது. அந்த ஆகஸ்டில் இந்திய வங்கிகள் சங்கம் ஒரு மாதிரித் திட்டத்தை எல்லா அரசு வங்கிகளுக்கும் அனுப்பியது. அதற்குப் பெயர் வி.ஆர்.எஸ். பத்திரிகைகள் செல்லமாக வைத்த பெயர் கோல்டன் ஹேண்ட்ஷேக்.

தகுதி: 40 வயது ஆகியிருக்க வேண்டும், அல்லது 15 வருஷச் சேவை. தொகை: முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் மாதங்களுக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. ஐந்து லட்சம் வரை வருமான வரியும் கிடையாது. 27 அரசு வங்கிகளில் கார்ப்பரேஷன் வங்கி தவிர மற்ற 26-ம் இதைக் கொண்டுவந்தன. சில மாதங்களுக்குள் சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். பத்தில் ஒருவருக்கும் மேல். இந்திய வங்கி வரலாற்றில் ஒரே மூச்சில் இவ்வளவு பேர் எழுந்து போனது அதற்கு முன் இல்லை.

(இன்னொரு வேடிக்கை. வி.ஆர்.எஸ். வேண்டாம் என்று நின்ற கார்ப்பரேஷன் வங்கி 2020-ல் யூனியன் வங்கியோடு கலந்து பெயரே இல்லாமல் போனது. போனவன் இருக்கிறான், நின்றவன் இல்லை!)

அந்த ஒரு லட்சத்தில் ஒருவர் என் சித்தப்பா. ஈரோட்டில் கிளார்க். வயது 46. அம்மாவுக்குக் கையெழுத்துப் போட்டானே, அவனுடைய அப்பா.

சித்தப்பா அன்று போட்ட கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் பார்த்திருக்கிறேன். எட்டு லட்சம் கையில் வரும். டெபாசிட் போட்டால் பத்தரை சதவீதம். வருஷம் 84,000, மாதம் 7,000. "உக்காந்த இடத்துல ஏழாயிரம் கண்ணு, அப்பறம் எதுக்கு ஈரோட்டுக்கும் ஊருக்கும் பஸ்சுல தொங்கோணும்?" 2001-ல் கிராமத்தில் ஏழாயிரம் என்பது நல்ல பணம். கணக்கில் தப்பே இல்லை.

தப்பு வந்தது வட்டியில். பொதுச் சேமநல நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2000 ஜனவரிப் பாதி வரை 12 சதவீதம். பிறகு 11. 2001 மார்ச்சில் 9.5. 2002-ல் 9. 2003-ல் 8. மூன்று வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். வங்கி டெபாசிட் அதைவிட வேகமாக இறங்கி, 2003-04 வாக்கில் ஐந்தரை பக்கம் வந்து நின்றது. எட்டு லட்சத்துக்கு ஐந்தரை என்றால் மாதம் 3,666 ரூபாய். சித்தப்பா அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். ஏழாயிரம் பாதியாகிவிட்டது. இதற்கு நடுவில் 2001 ஜூலையில் யூனிட் டிரஸ்ட் தன் யு.எஸ்.64 திட்டத்தில் பணம் திருப்பித் தருவதையே நிறுத்தி வைத்தது. "சர்க்கார் மாதிரி, பயமே இல்லை" என்று நடுத்தரக் குடும்பங்கள் நம்பியிருந்த திட்டம் அது.

வட்டி மட்டுமா? பெரிய தொகை கையில் வந்திருக்கிறது என்று தெரிந்தால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு ஒருத்தர், போர் போட ஒருத்தர். "அடுத்த மஞ்சள் வெட்டுனதும் குடுத்தர்றன்." எந்த மஞ்சள் என்று சொல்லவில்லை.

சித்தப்பாவுக்குப் பென்ஷனும் இல்லை. 1995-ல் பென்ஷனா பி.எப்.பா என்று கேட்டபோது பலரைப் போல அவரும் பி.எப். பக்கம் நின்றவர். 2010 ஏப்ரல் ஒப்பந்தத்தில் இன்னொரு வாய்ப்பு கொடுத்தபோதுதான், வங்கி போட்ட பி.எப். பங்கைத் திருப்பிக் கட்டி உள்ளே வந்தார். அதற்கு நடுவில் ஒன்பது வருஷம். காலையில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதினார், சாயங்காலம் எல்.ஐ.சி. ஏஜென்ட். அந்த நாளில் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் புதிதாக வந்திருந்தன. வி.ஆர்.எஸ். வாங்கியவர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். ஆக சித்தப்பா ஓய்வு பெறவில்லை. வேலையைப் பாதியாக்கிக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்கே அது தெரிய நாலைந்து வருஷம் ஆயிற்று.

கோர்ட்டுக்குப் போன கதை

மனசு மாறியவர்களும் உண்டு. விண்ணப்பம் போட்டுவிட்டு, வீட்டில் பேசி, தூக்கம் வராமல், "வேண்டாம், திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற முடியாது என்று திட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்றன வங்கிகள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பேங்க் ஆப் இந்தியா எதிர் ஸ்வர்ணகர் என்ற அந்த வழக்கில் 2002 டிசம்பரில் தீர்ப்பு. வங்கி அறிவித்தது ஓர் அழைப்புதான், ஊழியர் போட்ட விண்ணப்பம்தான் முன்மொழிவு, வங்கி அதை ஏற்கும் முன் திரும்பப் பெறலாம் என்றது நீதிமன்றம். ஆனால் திட்டத்தின் பணத்தைக் கைநீட்டி வாங்கியவர்கள் பின்வாங்க முடியாது என்றும் சொன்னது.

பி.காம். முதல் வருஷம் ஒப்பந்தச் சட்டத்தில் படித்த அதே பாடம்தான்! அன்று மார்க்குக்காகப் படித்தது. இங்கே குடும்பங்களின் கதி அதில் தொங்கியது.

இன்னொரு வழக்கு 2009-ல், மோகன்தாஸ் வழக்கு. 20 வருஷம் முடித்து வி.ஆர்.எஸ். 2000-ல் போனவர்களுக்கும் அந்த 5 வருஷச் சலுகை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எட்டு வருஷம் காத்திருந்து கிடைத்த ஐந்து வருஷம். 2002 நவம்பருக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்குப் பஞ்சப்படி குறைந்த விகிதத்தில் வந்துகொண்டிருந்ததும் 2023-ல்தான் சரியானது. சீக்கிரம் போகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வெளியே போன பின்பும் கையெழுத்துப் போட்ட நாளின் விதி நம் பின்னாலேயே வரும். விதி என்று சொன்னது சட்ட விதியைத்தான், தலைவிதியை இல்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சித்தப்பா சொல்வார்.

மைசூரின் மூன்று பெரிய மனிதர்கள்

இவ்வளவு படித்ததும் "சரி, வேலையே கதி" என்று முடிவுக்கு வரத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போதுதான் நான் இருக்கும் இந்த மைசூர் சீமையின் சரித்திரத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தேன். வெளியூரிலிருந்து இங்கே உத்தியோகம் பார்க்க வந்த முதல் தமிழன் நான் இல்லையே!

சி.ரங்காசார்லு. 1831-ல் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்தவர். சென்னை மாகாணத்தில் ரெவின்யூ உத்தியோகம் பார்த்துவிட்டு 1868-ல் மைசூருக்கு வந்தார். 1881-ல் ஆட்சி மறுபடி உடையார்களிடம் வந்தபோது அவர்தான் திவான். அதே வருஷம் தசராவில் பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். இந்தியச் சமஸ்தானங்களிலேயே அது பெரிய புதுமை. 1883 ஜனவரியில் பதவியில் இருக்கும்போதே காலமானார். வயது 51 தான். மைசூர் டவுன்ஹால் அவர் பெயரில்தான் இருக்கிறது.

அடுத்து கே.சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர், பிறந்தது 1845-ல். 1883 முதல் 1901 வரை, 18 வருஷம் திவான். மைசூர் திவான்களில் இவ்வளவு நீண்ட காலம் தொடர்ந்து இருந்தவர்கள் அரிது. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோகும் திட்டம் அவர் காலத்தில் தொடங்கியது. உடம்பு முடியாமல் 1901 மார்ச்சில் பதவியை விட்டார். அதே வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். ஓய்வு என்று அவருக்குக் கிடைத்தது ஆறு மாதம், அதுவும் படுக்கையில். சிவசமுத்திரம் மின்சாரம் கோலாருக்குப் போய்ச் சேர்ந்தது 1902 ஜூனில். அவர் பார்க்கவில்லை.

பெங்களூரில் சேஷாத்ரிபுரம் வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறு மாதக் கணக்குதான் ஞாபகம் வருகிறது.

மூன்றாமவர் தமிழர் இல்லை, இந்த மண்ணின் பிள்ளை. எம்.விஸ்வேஸ்வரய்யா. அவரைக் கே.ஆர்.எஸ். அணையோடு சேர்த்துத்தான் எல்லாருக்கும் தெரியும். அவர் விருப்ப ஓய்வு வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார். நல்ல பெயர். ஆனால் உச்சிப் பதவிகள் அன்று வெள்ளைக்காரர்களுக்கு. 24 வருஷச் சேவையோடு 1908-ல், 47 வயதில் எழுந்து வந்துவிட்டார். வெளிநாடுகளைச் சுற்றிப் பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பரில் மூசி ஆறு பொங்கி ஹைதராபாத்தை அழித்தது. நிஜாம் அரசு கூப்பிட, வெள்ளத் தடுப்புக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1909-ல் மைசூரில் தலைமைப் பொறியாளர், 1912-ல் திவான். 1913-ல் மைசூர் வங்கி, 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம் எல்லாம் அவர் திவானாக இருந்தபோது வந்தவை. (அந்த மைசூர் வங்கிதான் பிற்பாடு ஸ்டேட் பேங்க் ஆப் மைசூர், 2017-ல் ஸ்டேட் வங்கியோடு கலந்தது.) 1918 கடைசியில் திவான் பதவியையும் தானாகவே விட்டார். 1955-ல் பாரத ரத்னா. 1962-ல் நூறு வயதில் காலமானார்.

47-ல் விட்டவருக்கு அதன் பிறகு ஐம்பத்து மூன்று வருஷம் இருந்தது. நாம் பெயர் சொல்லும் காரியங்களில் பெரும்பாலானவை அந்தப் பாகத்தில் நடந்தவை.

உடனே யாரும் ராஜினாமாக் கடிதம் எழுதக் கிளம்ப வேண்டாம்! அவர் விஸ்வேஸ்வரய்யா, நாம் ஸ்கேல் டூ ஆபீசர். வேலையை விட்டதும் நிஜாம் போன் பண்ணப்போவதில்லை. 1901-ல் சாகாமல் இருந்திருந்தால் சேஷாத்ரி ஐயரும் ஏதாவது செய்திருப்பார். சீக்கிரம் விட்டால் ஆயுசு நீளும் என்று இரண்டு பேரை வைத்துச் சொல்வது கணக்கும் இல்லை. நான் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். அவர் விட்டது ஒரு முதலாளியை. வேலையை அவர் கடைசி வரை விடவில்லை. சித்தப்பா விட்டது பஸ் பயணத்தை. அடுத்து என்ன என்று யோசிக்காமல் விட்டார், வட்டி அவருக்காக யோசித்தது.

ஓய்வு வயது என்பதே மனிதர்கள் அவ்வப்போது மாற்றும் ஒரு கோடுதான். 1889-ல் ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் பென்ஷன் கொண்டுவந்தபோது வயது 70. அதை 65 ஆக்கியது 1916-ல். நம் மத்திய அரசில் 55 ஆக இருந்தது 1962-ல் 58, 1998-ல் 60. தமிழ்நாட்டில் 58 ஆக இருந்தது 2020-ல் 59, 2021-ல் 60. கோடு மேலே போய்க்கொண்டிருக்கிறது. நாம் அதைக் கீழே இழுக்க நினைக்கிறோம். இதில் தப்பில்லை, ஆனால் இழுக்கும் செலவு நம்முடையது.

மோட்டார் சாவி

இதையெல்லாம் மண்டையில் போட்டுக்கொண்டிருந்தபோது கிளைக்கு ஒரு விவசாயி வந்தார். தெரகணாம்பி பக்கம். அங்கே பெரிய காய்கறி மார்க்கெட் உண்டு, நம் ஊருக்கும் கேரளாவுக்கும் லாரி போகும். கிசான் கார்டைப் பையன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்றார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாராம். போன மாதம் மோட்டார் சாவியைப் பையனிடம் கொடுத்துவிட்டாராம். இனி எப்போது தண்ணீர் விடுவது, என்ன நடுவது எல்லாம் அவன் பாடு. "அப்ப நீங்க?" என்றேன். மாட்டைப் பார்த்துக்கொள்வாராம், காலையில் மார்க்கெட்டுக்குப் போவாராம், கூப்பிட்டால் வயலுக்கும் போவாராம். "கூப்பிடாட்டி போக மாட்டேன் சார், அதுதான் கஷ்டம்" என்றார் கன்னடத்தில்.

எனக்கு முப்பது வருஷ சர்க்குலர்கள் சொல்லாததை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சாவியைக் கொடுப்பது சுலபம், கொடுத்த பிறகு வயலோரம் போய் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

இந்த ஊர்க் கதை ஒன்றும் ஞாபகம் வந்தது. குண்டலுபேட்டையை அடுத்து ஹங்களா. மைசூர் அரசர் சிக்க தேவராஜ உடையார் பட்டத்துக்கு வரும் முன் அங்கேதான் ஒதுக்கி வைக்கப்பட்டு இளமையைக் கழித்தார். அதிகாரம் இல்லை, வேலை இல்லை. அந்த நாட்களில் கூட இருந்த சமண பண்டிதர் விசாலாட்ச பண்டிதர்தான் 1673-ல் பட்டம் ஏறியதும் மந்திரி. நிர்வாகத்தைப் பதினெட்டுக் கச்சேரிகளாகப் பிரித்தவர் என்று இந்த அரசருக்குப் பெயர். ஓய்வு நேரம் என்பது எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும் என்று சட்டம் இல்லை போலிருக்கிறது.

அம்மாவின் தீர்ப்பு

கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது பேச்சை எடுத்தேன். மனைவியும் கூட இருந்தாள். "நான் வேலைய உட்டுட்டு வந்தர்லாம்னு பாக்கறம்மா" என்றேன். பெரிதாகச் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அம்மா வாக்கரைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வா கண்ணு. வந்தீன்னா எனக்குச் சந்தோசந்தான். ஆனா எனக்காக உட்டுட்டு வந்தன்னு மட்டும் சொல்லாத. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு பீசு கட்ட முடியலீன்னா அந்தப் பாவம் எந்தலைல உழுகும். நான் இன்னும் எத்தன நாளைக்கு இருப்பனோ. அதுக்கப்பறம் நீ இங்க என்ன பண்ணுவ?"

பதில் இல்லை. இருபது வருஷமாக ஊர், ஊர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊரில் நான் என்ன செய்வேன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வரும்போது திம்பத்தில் மனைவி சொன்னாள், "ஏனுங்க, மொத்தமா உடறதா இல்ல மொத்தமா இருக்கறதா, ரெண்டே வழிதானா?"

வீட்டுக்கு வந்து மறுபடி கணக்கு. 28 வருஷம் முடித்துப் போனால் கூட 5 சேர்த்து 33 ஆகிவிடும். அதாவது 2033-ல், 51 வயதில் போனால் விகிதத்தில் ஒரு பைசா குறையாது, முழு ஐம்பது சதவீதம். கடைசிச் சம்பளம் அறுபது வயதில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும், மெடிக்கல் இன்சூரன்ஸ் பிரீமியம் நம் கையிலிருந்து போகும், அது உண்மை. ஆனால் அதற்குள் மகள் படித்து முடித்திருப்பாள், வீட்டுக் கடனும் முடியும். அம்மாவுக்கு அப்போது 82 ஆகும். இந்த ஒரு வரியில்தான் பேனா நின்றது. 2033 வரை அம்மா காத்திருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை.

அதனால் இப்போதைக்கு நான் செய்தது மூன்று காரியம்.

ஒன்று, இந்த வருஷம் பிரமோஷனுக்கு விண்ணப்பம் போடவில்லை. வங்கிக்காரர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பிரமோஷன் வந்தால் கூடவே டிரான்ஸ்பரும் வரும், எங்கேயோ வடக்கே. என் செட் ஆட்கள் இரண்டு பேர் ஸ்கேல் போர் ஆகிவிட்டார்கள். கொஞ்சம் வலித்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் கடைசி தேதி தாண்டிய அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு, கொங்குப் பக்கம் மாறுதல் கேட்டு எழுதியிருக்கிறேன். முன்பே ஒருமுறை கேட்டுக் கிடைக்கவில்லை. மறுபடி கேட்டிருக்கிறேன். எந்தக் கிளையானாலும் சரி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் போதும்.

மூன்று, இரண்டாம் நாலாம் சனிக்கிழமை லீவில் வெள்ளி சாயங்காலமே கிளம்பிவிடுகிறேன். ஆறரைக்கு டார்கெட் மீட்டிங் என்றால் "ஒன்பதுக்குள் திம்பம் தாண்ட வேண்டும் சார்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். முதல் தடவை சொன்னபோது குரல் நடுங்கியது. இப்போது இல்லை. ஊரில் அந்த இரண்டு நாளும் சித்தப்பாவோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பென்ஷன் பாரம், பயிர்க் காப்பீட்டுப் பாரம் எல்லாம் எழுதிக் கொடுக்கிறேன். ஊரில் நான் என்ன செய்வேன் என்ற கேள்விக்கு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று மாத நோட்டீஸ் கடிதத்தை டைப் அடித்து வைத்திருக்கிறேன். மேஜை டிராயரில் இருக்கிறது, தேதி மட்டும் போடவில்லை. அம்மாவுக்கு உடம்பு இன்னொரு முறை ஏதாவது என்றால் 38 சதவீதமே போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஆனால் அம்மாவுக்காக விட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது அம்மாவிடம் கொடுத்த வாக்கு.

துபாயிலும் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் உட்கார்ந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சாலையிலும் ராத்திரி ஒன்பது மணிக்கு விழும் ஒரு கேட் இருக்கும். விசாவாக இருக்கலாம், டிக்கெட் விலையாக இருக்கலாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடமாக இருக்கலாம். அது எத்தனை மணிக்கு மூடும், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று போன் வரும் முன்பே ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டு வையுங்கள். ஊரில் வேறு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்பதையும் சேர்த்து.

நாளை வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். அம்மா கம்பங்களி கிண்டி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார், வாக்கரைப் பிடித்துக்கொண்டே. வேண்டாம் என்றால் கேட்கவா போகிறார்?